புளோரன்ஸ் நகரும் அதன் பிள்ளைகளும்

பழம்பெரும் நகரொன்றைப் பார்க்கச் செல்லும் பெரியோர் பெரும்பாலும் ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே புறப்படுவர். இன்ன கோயில், இன்ன அரண்மனை, இன்ன ஓவியக்கூடம் என்று குறித்து, பார்த்தவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு நடப்பர். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்றால் இம்முறை முதல் நாள் நண்பகலுக்கு முன்னரே முறிந்துவிடும். பிள்ளைக்குக் கால் வலிக்கும், தாகம் எடுக்கும், மூன்றாவது ஓவியத்தின் முன்னே கொட்டாவி வரும். பெரியோர் அண்ணாந்து நோக்கும் சிற்பத்தை விட்டுவிட்டு, அதன் அடியில் ஊர்ந்து செல்லும் எறும்பை அது குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும். இதனைக் கண்டு, ‘சிறு பிள்ளைகளுக்கு வரலாறு விளங்காது, வளர்ந்த பின்னர் காட்டிக்கொள்ளலாம்’ என்று பலர் முடிவு கட்டிவிடுகின்றனர்.

இம்முடிவு எவ்வளவு தூரம் பொருந்தும் என்று ஆராய்வதற்கு இத்தாலியிலுள்ள புளோரன்ஸ் நகரைவிடத் தகுந்த இடம் கிடைப்பதரிது. ஆர்னோ ஆற்றின் இருகரையிலும் அமைந்த இந்நகரம் 14ஆம், 15ஆம் நூற்றாண்டுகளிலே கம்பளி நெசவாலும் பட்டு வணிகத்தாலும் வங்கித் தொழிலாலும் செல்வம் கொழித்து விளங்கியது. தாந்தே, ஜொத்தோ, லெயனார்டோ டா வின்சி, மைக்கலாஞ்சலோ, கலிலியோ முதலியோரின் பெயர்கள் இந்நகரோடு பிணைந்தவை. கற்றோர் அங்கே செல்வது அப்பெருமக்களின் அடிச்சுவடுகளைக் காண்பதற்கே. ஆயினும் புளோரன்சுக்கு மற்றுமொரு வரலாறும் உண்டு. அது தன் குழந்தைகளை எண்ணிக் கணக்கு வைத்த நகரம். அவர்களுக்கு எழுத்தும் எண்ணும் கற்பித்த நகரம். அவர்களுடைய பாட்டையும் ஆட்டத்தையும் சலவைக்கல்லிற் செதுக்கி வைத்த நகரம். அவர்களைக் கைவிட்ட நகரம். கைவிடப்பட்டோரை எடுத்து வளர்த்த நகரமும் அதுவே. பிள்ளைகளோடு செல்வோர் இவ்வரலாற்றின் வழியே நடப்பாராயின், பிள்ளைகள் கற்பது மாத்திரமன்றிப் பெரியோரும் தாம் அறியாத ஒரு நகரைக் காண்பர்.

நகரின் பழைய பகுதி பெரிதன்று. ஆற்றின் மேலுள்ள பழைய பாலத்திலிருந்து பேராலயச் சதுக்கம் அரை மைலுக்கும் குறைந்த தூரமே. ஆதலின் ஆற்றங்கரையிற் புறப்பட்டு வடக்கு நோக்கி மெல்ல மெல்ல நடப்பது நன்று.

ஆற்றுக்கு அண்மையில் சான் ரெமிஜியோ வீதியின் மூலையிலே ஒரு சுவர் இருக்கின்றது. அச்சுவரிற் பதித்த பழங்கல் ஒன்றில் அலைபோன்ற கோடும், அக்கோட்டைச் சுட்டும் ஒரு கையும் செதுக்கப்பட்டிருக்கின்றன. 1333ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4ஆம் திகதி ஆர்னோ ஆறு பெருக்கெடுத்தபோது வெள்ளம் ஏறிய மட்டத்தை அந்தக் கை காட்டுகின்றது. அதற்கு மேலே இன்னொரு கல். அது 1966ஆம் ஆண்டு வெள்ளத்தின் மட்டம். வியப்பு யாதெனில், அதுவும் நவம்பர் 4ஆம் திகதியே. இரண்டு வெள்ளங்களுக்கும் இடையே 633 ஆண்டுகள். ஒரு நூற்றாண்டு என்பது என்னவென்று சிறு பிள்ளைக்கு விளக்குதல் கடினம். தந்தையின் தோளில் ஏறி நின்றாலும் எட்டாத உயரத்திலே தண்ணீர் நின்றது என்பதை விளக்கச் சொற்கள் வேண்டியதில்லை. சுவரின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாற் போதும்.

1966ஆம் ஆண்டு வெள்ளம் நகரிலும் சுற்றுப்புறங்களிலும் 35 உயிர்களைக் கொண்டது. தேசிய நூலகத்தின் இலட்சக்கணக்கான நூல்கள் சேற்றிலும் எண்ணெயிலும் மூழ்கின. அப்போது இத்தாலியிலிருந்தும் வேறு பல நாடுகளிலிருந்தும் இளைஞரும் மாணவரும் எவர் அழைப்பையும் எதிர்பாராது வந்து சேர்ந்தனர். நூலகத்தின் அடித்தளத்திலிருந்து வரிசையாக நின்று, சேறு படிந்த நூல்களைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினர். ‘சேற்றுத் தேவதூதர்’ என்று நகர மக்கள் அவர்களுக்குப் பெயரிட்டனர். மன்னரும் படைத்தலைவருமே வரலாற்றை நடத்துகின்றனர் என்று பாடநூலிற் படித்த பிள்ளைக்கு, பள்ளி விட்டுச் சில ஆண்டுகளே ஆன இளைஞரும் அதில் இடம் பெற்றனர் என்பது அறியத்தக்க செய்தி.

1333ஆம் ஆண்டு வெள்ளம் அன்றிருந்த பாலத்தை அடித்துச் சென்றது. அவ்விடத்திலே 1345இற் கட்டி முடிக்கப்பட்டதே இன்றுள்ள பழைய பாலம். அதன் இருமருங்கும் கடைகள் நெருங்கி நிற்பதால், பாலத்தின் மேல் நடக்கிறோம் என்பதே பிள்ளைக்குத் தோன்றாது. நடுவிலுள்ள திறந்த வெளிக்கு வந்து ஆற்றைக் கண்ட பின்னரே தெரியவரும். முன்னாளிலே அங்கே இறைச்சிக் கடைகள் இருந்தன. 1593இல் முதலாம் பெர்டினாந்து என்னும் பெருங்கோமகன் அவற்றை அகற்றிப் பொற்கொல்லருக்கு இடமளித்தான். இன்றும் அவை நகைக் கடைகளே. 1944ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத் தொடக்கத்திற் பின்வாங்கிச் சென்ற ஜெர்மானியப் படை நகரின் ஏனைய பாலங்களையெல்லாம் வெடி வைத்துத் தகர்த்தது. இப்பாலம் ஒன்றே தப்பியது. தகர்ந்தவற்றுள் அடுத்துள்ள சாந்தா திரினிதா பாலமும் ஒன்று. ஆற்றிலிருந்து எடுத்த பழங்கற்களையும் சேர்த்து அதனை 1958இல் முன்போலவே கட்டி எழுப்பினர். அதன் நான்கு மூலைகளிலும் நான்கு பருவங்களைக் குறிக்கும் சிலைகள் நிற்கின்றன. அவற்றுள் வசந்தத்தின் தலை மாத்திரம் கிடைக்கவில்லை. அது 1961இல் ஆற்றின் அடியிற் கண்டெடுக்கப்பட்டு உரிய இடத்திற் பொருத்தப்பட்டது. சிலையின் கழுத்தை உற்று நோக்கும் பிள்ளைக்கு, போர் என்பது என்ன செய்யும், மனிதர் அதன் பின்னர் என்ன செய்தனர் என்ற இரண்டும் ஒருங்கே விளங்கும்.

ஆற்றைவிட்டு வடக்கே சென்றாற் புதிய சந்தை என்னும் மண்டபம் எதிர்ப்படும். அங்கே வெண்கலக் காட்டுப்பன்றி ஒன்று அமர்ந்திருக்கின்றது. 17ஆம் நூற்றாண்டிலே பியேத்ரோ தாக்கா என்னும் சிற்பி வார்த்த உருவம் இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. சந்தையில் இருப்பது அதன் பிரதி. எண்ணற்ற கைகள் தடவியதால் அதன் மூக்கு மாத்திரம் பொன்போல் மின்னும். டென்மார்க்கின் கதாசிரியர் அன்டர்சன் ஏழைச் சிறுவன் ஒருவன் இப்பன்றியின் மேலேறி இரவு முழுவதும் நகரைச் சுற்றிப் பார்ப்பதாக ஒரு கதை எழுதியுள்ளார். தொடவேண்டாம் என்று எங்கும் தடுக்கப்படும் பிள்ளை, இங்கே மனம்போலத் தொட்டுப் பார்க்கலாம்.

அடுத்து வருவது பேராலயச் சதுக்கம். பேராலயத்துக்கு எதிரே எண்கோண வடிவில் நிற்பது புனித யோவானின் ஞானஸ்நானக் கோயில். கிபேர்ட்டி என்னும் சிற்பி 27 ஆண்டுகள் உழைத்து 1452இல் நிறைவேற்றிய பொற்கதவுகள் இக்கோயிலுக்கு உரியவை. அவற்றின் ஓரத்திலே கிபேர்ட்டி தம்முடைய வழுக்கைத் தலையையும் சிறியதாக வார்த்து வைத்துள்ளார். வாயிலில் உள்ளது பிரதி, மூலக் கதவுகள் அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் உள்ளன. எங்கே பார்த்தாலும் அத்தலையைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம்.

கதவினும் சுவையான செய்தி கோயிலின் உள்ளே நிகழ்ந்தது. முற்காலத்தில் நகரிற் பிறந்த குழந்தைகள் யாவரும் ஞானஸ்நானம் பெற்றது இவ்வொரு கோயிலிலேதான். 14ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியரான ஜொவான்னி வில்லானி கூறுவதன்படி, குருவானவர் ஆண் குழந்தைக்கு ஒரு கறுப்பு அவரை விதையும், பெண் குழந்தைக்கு ஒரு வெள்ளை அவரை விதையும் எடுத்து வைப்பார். அவ்விதைகளை எண்ணியே ஆண்டுக்கு 5,500 முதல் 6,000 வரையான குழந்தைகள் பிறந்தனர் என்று வில்லானி கணக்கிட்டார். மக்கட்டொகைக் கணிப்பு என்ற ஒன்று பெரும்பாலான நாடுகளில் நினைக்கப்படாத காலம் அது. கணக்கெழுதிப் பழகிய வணிகரின் நகரம் தன் குழந்தைகளையும் கணக்கில் வைத்தது. 1348ஆம் ஆண்டுக் கொள்ளைநோய் நகர மக்களிற் பாதிக்கு மேற்பட்டோரை வாரிச் சென்றபோது, விதைகளை எண்ணிய வில்லானியும் இறந்தார். பின்னர் விதைகளின் இடத்தைப் பெயர்கள் பெற்றன. 1450 முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொரு குழந்தையின் பெயரும் ஏட்டில் எழுதப்படலாயிற்று. அவ்வேடுகள் இன்றும் பேராலயத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எண்ணாக இருந்த பிள்ளை பெயராக மாறியதை வரலாற்றின் சிறு செய்தியென்று தள்ளிவிடுதல் தகாது.

ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் பின்னர் என்ன ஆயினர்? அதற்கும் வில்லானியே விடை தருகின்றார். 1338ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 90,000 மக்கள் வாழ்ந்த நகரில், எழுத்து வாசிக்கக் கற்ற சிறுவர் சிறுமியர் 8,000 முதல் 10,000 பேர் என்றும், ஆறு கணக்குப் பாடசாலைகளில் 1,000 முதல் 1,200 சிறுவர் பயின்றனர் என்றும் அவர் எழுதியுள்ளார். இத்தொகைகள் சற்று மிகையாகலாம் என ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுறுவர். எனினும் சிறுமியரும் வாசிக்கக் கற்றனர் என்று அவர் தனியே குறிப்பிட்டமை கருதத்தக்கது. கணக்குப் பாடசாலைகளிலே கற்பிக்கப்பட்டவை இந்தியாவிலே தோன்றி அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவை அடைந்த எண்கள். அண்மையிலுள்ள பீசா நகரத்து லெயனார்டோ 1202இல் எழுதிய நூல் அவற்றை அங்கே பரப்பியது. புதுமையைக் கண்டு பெரியோர் முதலில் அஞ்சினர். கணக்கேடுகளில் இவ்வெண்களை எழுதலாகாது என்று புளோரன்சின் பணமாற்றுவோர் சங்கம் 1299இல் விதி செய்தது. எளிதில் திருத்தி ஏமாற்றலாம் என்ற அச்சமே அதற்குக் காரணமெனக் கூறப்படுகின்றது. ஆயினும் பத்துப் பதினொரு வயதுச் சிறுவர் அவ்வெண்களைக் கொண்டு நாணயமாற்றும் கூட்டு வணிகத்தின் இலாபப் பங்கீடும் கற்றுத் தேறினர். தடை மறைந்தது, எண்கள் நின்றன.

பேராலயத்தின் பக்கத்தில் நிற்கும் மணிக்கோபுரமும் ஒரு பாடசாலை போன்றதே. 1334இல் ஜொத்தோ தொடங்கி, 1359இற் பிறர் முடித்த இக்கோபுரத்தின் கீழ்ப்பகுதியைச் சுற்றி அறுகோணச் சிற்பங்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. ஏர் உழுபவன், தறியிலிருந்து நெய்பவள், படகு வலிப்போர், நோயாளர் கொணர்ந்த குடுவையைத் தூக்கிப் பார்க்கும் வைத்தியர், உடலெங்கும் இறகு தரித்துப் பறக்க முனையும் மனிதன் என மனிதத் தொழில்கள் யாவும் அங்கே உள. வாசிக்கத் தெரியாத பிள்ளையும் இதனை வாசிக்கும். 15ஆம் நூற்றாண்டில் லூக்கா டெல்லா ரொபியா என்னும் சிற்பி இவ்வரிசையிற் சேர்த்த சிற்பங்களுள் இலக்கணக் கலையைக் குறிப்பதும் ஒன்று. அதில் ஆசிரியர் ஒருவர் அமர்ந்திருக்கின்றார். அவர் முன்னே இரண்டு மாணவர். உழவனுக்கும் வைத்தியருக்கும் அளித்த மதிப்பையே அந்நகரம் பள்ளி ஆசிரியருக்கும் அளித்தது என்க.

பேராலயத்தின் குவிமாடத்தைப் பற்றிச் சொல்லவேண்டியது அதிகம். பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது சிலவே. அகன்ற வாய் திறந்தபடி நின்ற பேராலயத்தின் மேல், தரையிலிருந்து மரச்சாரம் எழுப்பாமல் மாடம் கட்டலாம் என்று புருனெல்லெஸ்கி சொன்னபோது பலர் நகைத்தனர். ‘முட்டையைச் சலவைக்கல்லின் மேல் நிமிர்ந்து நிற்கச் செய்பவரே கட்டட்டும்’ என்று அவர் கூறி, அடியைத் தட்டி உடைத்து நிறுத்தியதாக ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும் கட்டடம் மெய். 1420இல் தொடங்கிய வேலை 1436இல் நிறைவெய்தியது. மாடம் இரண்டு ஓடுகளால் ஆயது. செங்கற்கள் மீன்முள் வடிவில் ஒன்றையொன்று கவ்வி நிற்கின்றன. மாடு பூட்டிச் சுழற்றிய பாரந்தூக்கியிலே மாட்டைத் திருப்பாமலே பொருளை ஏற்றவும் இறக்கவும் கூடியதாய்ப் பற்சக்கரங்களை அவர் அமைத்தார். இரண்டு ஓடுகளுக்கும் இடையே 463 படிகள் மேலேறுகின்றன. கால் வலுத்த பிள்ளைகள் அவற்றை எண்ணிக்கொண்டே ஏறுவர்; இளையோருக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தல் போதும்.

பேராலயத்தின் அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு பொருளைக் காட்ட நேரமிருந்தால், அது லூக்கா டெல்லா ரொபியா 1430களிற் செதுக்கிய பாடகர் மேடையாதல் வேண்டும். சலவைக்கல்லிலே சிறுவர் பாடுகின்றனர், முழவு கொட்டுகின்றனர், கைகோத்து ஆடுகின்றனர். முன்னே நிற்பவனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து ஏட்டை வாசிக்கும் பையனையும் அங்கே காணலாம். எந்த வகுப்பறையிலும் அப்படியொரு பையன் உண்டு.

பேராலயத்திலிருந்து அதிக தூரமில்லை தத்தேயா வீதி. அங்கே 1826இற் பிறந்த கார்லோ லொரென்சினி, கொல்லோடி என்னும் புனைபெயரில், 1881இல் சிறுவர் இதழொன்றிலே ‘பினோக்கியோ’ கதையை எழுதத் தொடங்கினார். மரப்பாவையைக் கொள்ளையர் தூக்கிலிடுவதோடு கதையை நிறுத்திவிட எண்ணிய அவரை, வாசித்த பிள்ளைகள் விடவில்லை. அவர்களுடைய வேண்டுகோளால் கதை மறுபடி தொடர்ந்து 1883இல் நூலாகியது. தந்தை தன் மேற்சட்டையை விற்று வாங்கிக் கொடுத்த அரிச்சுவடியை, பொம்மலாட்டம் பார்ப்பதற்காக விற்றுவிடும் அந்தப் பாவையை அறியாத பிள்ளைகள் சிலரே.

இவ்வளவும் கண்ட பின்னர், பேராலயத்திலிருந்து வடகிழக்கே நேராகச் செல்லும் வீதியில் நடந்தால், அறிவிப்பு அன்னையின் சதுக்கம் வரும். அதன் ஒருபுறத்தே ஒன்பது வளைவுகளைக் கொண்ட நீண்ட தாழ்வாரம். வளைவுகளுக்கு மேலே நீலப் பின்னணியில் வெண்ணிறக் குழந்தையுருவங்கள், துணி சுற்றப்பட்டுக் கைகளை விரித்து நிற்கின்றன. அந்திரேயா டெல்லா ரொபியா 1487ஆம் ஆண்டளவிற் செய்த சுடுமண் உருவங்கள் அவை. ‘இந்தப் பிள்ளைகள் யார்?’ என்று எந்தக் குழந்தையும் கேட்கும். அக்கேள்விக்கு விடை சொல்வதே இச்சுற்றுலாவிலுள்ள கடினமான பகுதி.

அது கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லம். ‘மாசற்றோர் இல்லம்’ என்பது அதன் பெயர். பிராத்தோ நகரத்து வணிகர் பிரான்செஸ்கோ தத்தீனி 1410இல் இறக்கும்போது இதற்கென 1,000 புளோரின் பொன் எழுதி வைத்தார். 1419இற் பட்டு வணிகர் சங்கம் நிலம் வாங்கியது. குவிமாடம் கட்டிய புருனெல்லெஸ்கியே இதற்கும் வரைபடம் அமைத்தார். 1445ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆம் திகதி முதற் குழந்தை வந்து சேர்ந்தது. பெண் குழந்தை, அன்று புனித ஆகத்தாவின் திருநாளாதலின் ஆகத்தா ஸ்மெரால்டா எனப் பெயரிட்டனர். பின்னர் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கிற் குழந்தைகள் வந்தனர். அவர்களுட் பெண்களே மிகுதி. வறுமையால் விடப்பட்டவர் பலர். அடிமைப் பெண்களும் பணிப்பெண்களும் பெற்றுத் தம்மோடு வைத்திருக்க விடப்படாதவர் பலர். தாழ்வாரத்தின் கோடியிலே கம்பியிட்ட சிறு சாளரம் ஒன்று இருந்தது. கைக்குழந்தை மாத்திரம் நுழையக்கூடிய இடைவெளி அது. 1875இலே அது மூடப்பட்டது.

பெற்றவர் சிலர் குழந்தையின் துணியோடு ஓர் அடையாளம் வைத்தனர்: உடைத்த பதக்கத்தின் ஒரு பாதி, ஒரு மணி, ஒரு நாடா. மற்றப் பாதியைத் தாய் தன்னோடு வைத்துக்கொண்டாள். நல்ல காலம் பிறந்தால், பாதியைக் காட்டிப் பிள்ளையை அடையாளம் கண்டு மீட்கலாம் என்பது நம்பிக்கை. இல்லத்தின் அருங்காட்சியகத்திலே சிறு சிறு இழுப்பறைகளில், உரிய குழந்தையின் பெயரோடு அப்பாதிகள் இருக்கின்றன. அவை இன்றும் பாதிகளாகவே இருக்கின்றன. மீட்கப்பட்ட பிள்ளைகளும் உண்டு. இழுப்பறையில் எஞ்சியவை மீட்கப்படாதோருடையவை.

இல்லம் அவர்களைப் பாலூட்டும் தாய்மாரிடம் நாட்டுப்புறத்துக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர்க்கு வாசிப்பும் தொழிலும் கற்பித்தது. நெசவு கற்ற பெண்கள் நகரின் பட்டுத் தொழிலுக்கு உழைத்தனர். ஆயினும் பெருந்தொகையான குழந்தைகள் முதலாண்டிலேயே மடிந்தனர் என்பதை இல்லத்தின் ஏடுகளே மறைக்காமற் கூறுகின்றன. பிழைத்து வளர்ந்தோர் பலரின் குடும்பப் பெயர் இன்னொசெந்தி என்பதாயிற்று. அப்பெயர் தாங்கியோர் இன்றும் இத்தாலியில் உளர்.

இதனைச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று தயங்குவோர் உண்டு. தயக்கம் அன்பினால் எழுவது. அதைக் குறை கூறுவதற்கில்லை. பிள்ளையின் வயதுக்கேற்ப அளவறிந்து சொல்லுதல் வேண்டும். மூன்று வயதினர்க்கு, ‘தாய் இல்லாத பிள்ளைகளை இங்கே வைத்து வளர்த்தனர்’ என்பதே போதும். எட்டு வயதினர் பதக்கத்தின் பாதியைக் கண்டால், ‘அம்மா திரும்பி வந்தாளா?’ என்று கேட்பர். ‘வந்தாள்’ என்று பொய் சொல்லுதல் எளிது. சிலர் வந்தனர், பலரால் வர முடியவில்லை என்று சொல்வதே நேர்மை. சுவரிலுள்ள வெள்ளக் கோட்டையும் ஒட்டிய சிலைத் தலையையும் உண்மையென்று காட்டியவர், இங்கு வந்ததும் உண்மையை ஒளித்தால், முன்னர்க் காட்டியவையும் வெறும் வேடிக்கையாகிவிடும். பட்டாலும் பொன்னாலும் குவிமாடம் எழுப்பிய நகரத்திலே, தன் குழந்தையை வைத்துக்கொள்ள முடியாத தாய்மாரும் இருந்தனர். அந்நகரம் அவர்களுடைய வறுமையைத் தீர்க்கவில்லை. ஆனால் அவர்களுடைய பிள்ளைகளைத் தெருவில் விடவுமில்லை. இவ்விரண்டையும் சேர்த்துக் காணப் பழகுவதே வரலாற்றுக் கல்வியின் தொடக்கம்.

மாசற்றோர் இல்லம் பழங்கதையாகிவிடவில்லை. ஆறு நூற்றாண்டுகள் கடந்தும் அது சிறுவர் நலனுக்கே உழைக்கின்றது. 1988இல் ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியம் தன் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவுவதற்கு இவ்விடத்தையே தெரிந்தெடுத்தது.

ஆண்டுதோறும் செப்டெம்பர் 7ஆம் திகதி, மரியன்னையின் பிறந்த நாளுக்கு முந்திய மாலையில், புளோரன்சின் பிள்ளைகள் தடியின் நுனியில் வண்ணக் கடதாசி விளக்குகளைக் கட்டிக்கொண்டு வீதிவழியே பாடிச் செல்வர். முன்னாளிலே மலைநாட்டு உழவர் தம் பொருள்களை விற்கவும் அன்னையை வணங்கவும் விளக்கேந்தி இரவிலே நடந்து வந்ததன் நினைவு அது. அன்று அவர்கள் நாடி வந்தது அறிவிப்பு அன்னையின் சதுக்கத்தை. இன்றும் பிள்ளைகள் விளக்குகளோடு வந்து கூடுவது அங்கேதான். துணி சுற்றிய அந்தச் சுடுமண் குழந்தைகளின் கீழே.